பிடிவாதக்காரச் சின்ன நாய்க்கு உச்சா, கக்கா பழக்குவது: மூன்றாம் மாடியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக்கு வந்த அன்று புடலை என் முன்கை நீளம்தான் இருந்தது. 9 வார டாஷ்ஹண்ட் குட்டி, ஆண். குட்டைக் கால், நீள உடம்பு. பார்த்ததும் என் மகன் வைத்த பெயர் அது. வந்த பத்தாவது நிமிடம் ஹால் நடுவில் நின்று ஒரு கரண்டி அளவுக்கு உச்சா போனது. பச்சைக் குழந்தை மாதிரி என்று சிரித்துக்கொண்டே துடைத்தோம். ஐந்து மாதம் கழித்தும் துடைத்துக்கொண்டேதான் இருந்தோம். சிரிப்புதான் நின்றுபோயிருந்தது.

"இதுக்கு பாட்டி ட்ரெய்னிங் குடுக்கணும்ப்பா" என்று மகன் சொன்னபோது அடுப்படியிலிருந்து என் அம்மா, "எனக்கு எதுக்குடா ட்ரெய்னிங், நாய்க்குக் குடுங்க" என்றார். பின்னால் பார்த்தால் இரண்டு பேருக்குமே தேவைப்பட்டது. அந்தக் கதை கீழே வரும்.

எங்களுடையது சென்னையில் லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி வீடு. வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர், பள்ளிக்கூடப் பையன் ஒருவன், வீட்டில் இருக்கும் அம்மா. அந்த ஐந்து மாதத்துக்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினோம். அப்போது எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்பதை வரிசையாக எழுதுகிறேன். டாஷ்ஹண்ட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அல்ல. ஷிட்ஸு, பக், சிவாவா, நாம் 'பாம்' என்று கூப்பிடுகிற ஸ்பிட்ஸ் நாய்கள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

பிடிவாதம் என்று நாம் சொல்வது

டாஷ்ஹண்ட் ஜெர்மனியில் உருவான வேட்டை நாய். ஜெர்மன் மொழியில் 'டாக்ஸ்' என்றால் பேட்ஜர், 'ஹுண்ட்' என்றால் நாய். மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பேட்ஜரை அந்த வளைக்குள்ளேயே நுழைந்து எதிர்கொள்வதற்காக இதை வளர்த்தார்கள். வளைக்குள் போன நாய்க்கு எஜமானின் குரல் உதவாது. முன்னேறுவதா, பின்வாங்குவதா என்று அதுவே முடிவெடுக்க வேண்டும். அப்படி முடிவெடுக்கத் தெரிந்த நாய்களைத்தான் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கினார்கள். அதைக் கொண்டுவந்து டைல்ஸ் போட்ட ஹாலில் விட்டுவிட்டு, "சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேங்குது" என்று நாம் புலம்புகிறோம்.

இனத்தின் குணத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது: அளவு. சின்ன உடம்பில் சின்ன மூத்திரப்பை, அது சீக்கிரம் நிரம்பும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது, அது போகும் அளவு சிறியதாக இருப்பதால் வரும் வினை. ஒரு லாப்ரடார் தினமும் ஹாலில் குளம் கட்டினால் ஒரே வாரத்தில் வீட்டில் பஞ்சாயத்து கூடிவிடும். சின்ன நாய் சோபாவுக்குப் பின்னால் இரண்டு ஸ்பூன் போனால் பாதி நேரம் யாருக்கும் தெரிவதில்லை. தெரிந்தாலும் ஒரு துணியால் ஒற்றிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். நாம் கவனிக்காமல் விட்ட ஒவ்வொரு தடவையும் சோபாவுக்குப் பின்னால் போகலாம் என்று அது கற்றுக்கொள்கிறது. ஐந்து மாதமாக எங்கள் வீட்டில் நடந்த ட்ரெய்னிங் அதுதான்.

ஆகவே கீழே சொல்லும் எல்லா வேலைக்கும் நோக்கம் ஒன்றே. தப்பான இடத்தில் போக அதற்கு வாய்ப்பே கிடைக்கக் கூடாது. சரியான இடத்தில் போனால் அதற்குக் கைமேல் கூலி கிடைக்க வேண்டும்.

முதல் படி: டாக்டரைப் பாருங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போவது, முக்குவது, சிறுநீரில் ரத்தம், திடீரென்று தண்ணீர் அதிகம் குடிப்பது, நன்றாகப் பழகிய நாய் ஒரு வாரமாக வீட்டுக்குள் போவது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை ஓரம் வைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரிடம் போங்கள். மூத்திரத் தொற்று உள்ள நாயால் அடக்க முடியாது. பிடிவாதம் என்று அதைத் திட்டுவது பாவம். முக்கி முக்கி நின்றும் சொட்டுகூட வரவில்லை என்றால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும். வயதான நாய்களுக்குச் சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை வியாதி இரண்டுமே இப்படி ஆரம்பிக்கலாம். வயிற்றில் பூச்சி இருந்தாலும் கக்கா நேரம் தாறுமாறாகும்; பூச்சி மருந்து கொடுத்தீர்களா என்று பாருங்கள்.

இரண்டாம் படி: இடத்தை முடிவு செய்யுங்கள், மாற்றாதீர்கள்

நாய்க்குட்டிகளுக்கு எந்தத் தரையில் போவது என்கிற பழக்கம் ஏறக்குறைய 8, 9 வார வயதிலேயே படிய ஆரம்பித்துவிடும். காலுக்கடியில் என்ன தட்டுப்படுகிறது என்பதுதான் அதற்கு அடையாளம். பேப்பரில் பழகினால் பேப்பரைத் தேடும், புல்லில் பழகினால் புல்லைத் தேடும், மொழுமொழுவென்ற டைல்ஸில் பழகினால் வீடு முழுக்க அதற்குக் கழிவறைதான்.

நாங்கள் முதலில் செய்தது பேப்பர் விரிப்பது. நம் ஊரில் எல்லோரும் செய்வது, செலவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்த என் மாமனார் படித்துக்கொண்டிருந்த பேப்பரைத் தரையில் வைத்துவிட்டுக் காபி எடுக்கப் போனார். திரும்பி வருவதற்குள் புடலை அதன் மேல் வேலையை முடித்திருந்தது. மாமனார் அதற்குப் பிறகு பேப்பரை நாற்காலியில்தான் வைக்கிறார். நாயின் பக்கம் நியாயம் இருந்தது. பேப்பரில் போ என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள்தானே.

கடையில் விற்கும் உறிஞ்சும் பேடுக்கும் இதே சிக்கல் உண்டு. காலுக்கு மெத்தென்று இருப்பதால் பாத்ரூம் வாசல் மிதியடி, பூஜை அறைப் பாய், கீழே கிடக்கும் துண்டு எல்லாமே அதற்கு பேடு மாதிரிதான் தெரியும். பேடு பயன்படுத்துவதென்றால் முதல் மூன்று மாதம் தரையில் கிடக்கும் மிதியடிகளைச் சுருட்டி மேலே போட்டுவிடுங்கள்.

மாடி வீட்டுக்கு நான் சிபாரிசு செய்வது பால்கனியில் புல் தட்டு. அகலமான பிளாஸ்டிக் ட்ரே ஒன்று, அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள், அதற்குக் கீழே இன்னொரு தட்டு. நர்சரியில் சதுர அடிக் கணக்கில் விற்கும் புல்லை வாங்கி மேலே விரியுங்கள். வெயில் படாவிட்டால் புல் காய்ந்துவிடும், மாற்ற வேண்டிவரும். பரவாயில்லை. கீழே ரோட்டோரம் அதன் காலுக்குத் தட்டுப்படப் போவதும் மண்ணும் புல்லும்தான். நாளைக்குக் கீழே கூட்டிப்போகும்போது புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது.

குட்டியை எடுத்தவுடனே தெருவில் இறக்கிவிடக் கூடாது. பார்வோ, டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்களுக்கான தடுப்பூசிகள் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3, 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை போகும். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மற்ற நாய்கள் வந்துபோகாத பால்கனியோ மொட்டை மாடியோதான் அதுவரை பாதுகாப்பு. எப்போது கீழே இறக்கலாம் என்பதை டாக்டர் சொல்லட்டும்.

டாஷ்ஹண்ட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்த இனத்துக்கு முதுகெலும்பில் டிஸ்க் பிரச்சினை அதிகம். அவசரத்தில் "ஓடு ஓடு" என்று படிக்கட்டில் இறங்கவைக்காதீர்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்னங்காலுக்கு அடியில் கொடுத்து, உடம்பு மட்டமாக இருக்கும்படி தூக்கிக்கொண்டு இறங்குங்கள். இதில் ஒரு உபரி லாபம் உண்டு: கையில் இருக்கும் குட்டி பெரும்பாலும் அடக்கிக்கொள்ளும். நடந்து வந்தால் முதல் மாடித் திருப்பத்திலேயே காரியம் முடிந்துவிடும். அடுத்த வீட்டுக் கோலத்தில் முடிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் படி: நேரம்

குட்டியின் வயது எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். பகலில் அதிகபட்சம் அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 2 மாதக் குட்டிக்கு 3 மணி நேரம். சின்ன இனங்களுக்கு அதிலிருந்து ஒரு மணி நேரத்தைக் கழித்துவிடுங்கள். அதுவும் அது சும்மா படுத்திருந்தால் மட்டும்தான். விளையாடும்போது இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, இருபது நிமிடத்துக்கு ஒருமுறைகூடப் போகும்.

கடிகாரத்தைவிட நம்பகமான நான்கு நேரங்கள் இருக்கின்றன:

தூங்கி எழுந்தவுடன். பகல் குட்டித் தூக்கமும் இதில் சேர்த்தி.
சாப்பிட்டு 5 முதல் 30 நிமிடத்துக்குள். வயிறு நிறைந்தால் குடல் தானாக அசையும். கக்கா பெரும்பாலும் அப்போதுதான்.
விளையாட்டு நின்றவுடன். ஓடிக்கொண்டிருந்த குட்டி சட்டென்று நின்று தரையை மோந்துகொண்டு வட்டம் போட்டால் உங்களுக்கு இருப்பது சில விநாடிகள்தான்.
இரவு படுக்கும் முன்.

இந்த நேரங்கள் கணக்காக வர வேண்டுமென்றால் உள்ளே போவது கணக்காக இருக்க வேண்டும். தட்டில் எப்போதும் சாப்பாடு கிடக்கக் கூடாது. சின்னக் குட்டிக்கு நாளைக்கு மூன்று வேளை, ஆறு மாதத்துக்கு மேல் இரண்டு வேளை, தினமும் ஒரே நேரம். பதினைந்து நிமிடத்தில் தின்னாவிட்டால் தட்டை எடுத்துவிடலாம். அடுத்தவேளையும் தொடாவிட்டால் அது பிடிவாதம் இல்லை, உடம்பைப் பார்க்க வேண்டும். சிவாவா மாதிரி ரொம்பச் சின்னக் குட்டிகளுக்கு மட்டும் வேளையைக் குறைக்காதீர்கள். நெடுநேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கி மயங்கிவிடக்கூடும். தண்ணீரை எந்த நாய்க்கும் பகலில் நிறுத்தவே கூடாது, அதுவும் நம் ஊர் வெயிலில்.

நான்காம் படி: கண் பார்வையை விட்டு அகலக் கூடாது

பாதிப் பேர் தோற்பது இங்கேதான், நாங்களும் அப்படித்தான். குட்டிக்கு முழு வீட்டையும் முதல் நாளே திறந்துவிட்டிருந்தோம். மூன்று அறை, ஒரு ஹால், கட்டிலுக்கு அடியில் இருட்டு. தான் படுக்கும் இடத்தைத்தான் நாய் சுத்தமாக வைத்துக்கொள்ளப் பார்க்கும். நம் வீடு முழுவதையும் அது தன் படுக்கையாக நினைக்காது. அதன் அளவுக்குப் பின் அறை என்பது அடுத்த தெரு.

மூன்று நிலைகளில் ஒன்றில்தான் அது எப்போதும் இருக்க வேண்டும். யாராவது ஒருவர் நேரே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அல்லது கயிற்றால் உங்களோடு கட்டியிருக்க வேண்டும். அல்லது கூண்டிலோ சின்னத் தடுப்புக்குள்ளோ இருக்க வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே கடைக்கண்ணால் பார்ப்பது கணக்கில் சேராது.

எங்களுக்கு அதிகம் உதவியது கயிறுதான். ஆறடி லீஷின் ஒரு முனையைப் புடலையின் நெஞ்சுப் பட்டையில் மாட்டி, மறுமுனையை என் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டேன். நான் லேப்டாப்பில் வேலை பார்த்தால் அது காலடியில், நான் துணி காயப்போட்டால் கூடவே பால்கனியில். மோந்து வட்டம் போட ஆரம்பித்ததும் கயிறு இழுபடும், எனக்குத் தெரிந்துவிடும். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும். மூன்றே வாரத்தில் ஹால் விபத்து நாளைக்கு ஆறிலிருந்து ஒன்றாகக் குறைந்தது.

கூண்டு என்றதும் அம்மா, "வாயில்லா ஜீவனை அடைச்சு வெக்கிறதாவது" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தண்டனைக்காக அடைத்தால் அம்மா சொன்னதுதான் சரி. சாப்பாட்டை உள்ளே வைத்து, கதவைத் திறந்தே போட்டு, அது தானாகப் போய்ப் படுக்கும் இடமாக ஒரு வாரம் பழக்கிவிட்டு அப்புறம் சாத்துங்கள். நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதற்கு மேல் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு மறு மூலையில் போகும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. கடைகளில் கம்பிக் கூண்டுக்குள் வாரக்கணக்கில் இருந்து வந்த குட்டிகள், தாம் போனதன் மேலேயே படுக்க வேண்டிய நிலையில் வளர்ந்திருக்கும். படுக்கையைச் சுத்தமாக வைக்கும் இயல்பே அவற்றில் மழுங்கிப் போயிருக்கலாம். அப்படிப்பட்ட குட்டியைக் கூண்டில் அடைத்துப் பயனில்லை. கயிறு, அடிக்கடி வெளியே தூக்கிப் போவது, பொறுமை, இவைதான் வழி. கூடுதலாக ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

ஐந்தாம் படி: அந்த ஐந்து நிமிடம்

"அரை மணி நேரம் வெளியே சுத்திட்டு வந்து, கதவைத் திறந்ததும் உள்ளே போகுது, வேணும்னே செய்யுது." நாய் வளர்ப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இந்த வரி வராமல் இருக்காது. வேண்டுமென்று அது செய்யவில்லை. மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, உச்சா போனதும் நாம் "அப்பாடா" என்று வீட்டுக்குத் திரும்பிவிடுகிறோம். உச்சா போனால் உலா முடிந்துவிடும் என்று நாய் கண்டுகொள்கிறது. முடிந்தவரை அடக்கி வைக்கிறது. எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். வரிசையை மாற்றினோம். கீழே இறங்கியதும் ஒரே இடத்தில் மரம் மாதிரி நிற்பேன். பேச்சில்லை, விளையாட்டில்லை, கயிறு நீளும் தூரம் வரைதான் அது நகரலாம். போனால் உடனே கூலி, அப்புறம் பதினைந்து நிமிடம் உலா. ஐந்து நிமிடத்தில் போகவில்லையா, தூக்கிக்கொண்டு மேலே வந்து கயிற்றிலோ கூண்டிலோ பத்து நிமிடம் வைத்திருந்து மறுபடியும் இறங்குவேன். மூன்று மாடி. முதல் வாரத்தில் ஒரு நாள் பதினொரு தடவை இறங்கி ஏறினேன்; ஜிம்முக்குக் கட்டிய பணம் வீண் என்று மனைவி சொன்னாள்.

இரண்டாவது காரணம் பயம். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது அவ்வளவாக வராது. நம் தெருவில் நாலு நாய் உண்டு. நான்கு கிலோ குட்டி, தன்னைவிட ஐந்து மடங்கு பெரிய நாய் பத்தடியில் நின்று முறைக்கும்போது காலை மடக்கி உட்காராது. உட்காரும் நொடியில் தப்பி ஓட முடியாது என்று அதற்குத் தெரியும். ஆகவே அடக்கிக்கொண்டு பத்திரமான இடத்துக்கு, அதாவது உங்கள் ஹாலுக்கு வந்து விடுகிறது. தெரு நாய்கள் அசந்து தூங்கும் நேரம் எது என்று பார்த்து வையுங்கள். எங்கள் தெருவில் காலை ஆறரை மணி. கேட்டுக்கு உள்ளேயே, கார் நிறுத்தும் இடத்தின் ஓரமாக ஒரு மண் திட்டு கிடைத்தால் இன்னும் நல்லது. பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கையில் கவர் எடுத்துப் போய் அள்ளிவிடுங்கள். இதில் சோம்பேறித்தனம் பட்டால் அடுத்த அசோசியேஷன் கூட்டத்தில் முதல் தலைப்பு நீங்கள்தான்.

மூன்றாவது, சூடு. மே மாதம் பதினோரு மணிக்குத் தார் ரோட்டில் நிற்கவே முடியாதபோது அது எங்கே உட்காரும்? புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் வைக்க முடியவில்லை என்றால் அதனாலும் முடியாது.

கூலி விஷயத்தில் நுணுக்கம் உண்டு. அது போய் முடித்த இடத்திலேயே, முடித்த இரண்டு விநாடிக்குள் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்குத்தான் கூலி என்று அது எடுத்துக்கொள்ளும். வேகவைத்த கோழி பட்டாணி அளவு, உப்பு மசாலா இல்லாமல், சட்டைப் பையில் எப்போதும் இருக்கட்டும். சைவ வீடு என்றால் வேகவைத்த பூசணியோ கேரட்டோ. திராட்சை, சாக்லேட், வெங்காயம் சேர்ந்த எதுவும் கூடாது, நாய்க்கு அவை விஷம். போகும்போது மெதுவாக "உச்சா போ" என்று ஒரே வார்த்தை. பாராட்டு முடிந்த பிறகுதான். பாதியில் "குட் பாய்!" என்று கத்தினால் பாதியில் நிறுத்திவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும், மீதி ஹாலில்.

ஆறாம் படி: தப்பு நடந்துவிட்டால்

கண்ணெதிரே நடந்தால் லேசாக ஒரு கைதட்டல், அலறல் வேண்டாம். தூக்கிக்கொண்டு இடத்துக்கு ஓடுங்கள், மீதியை அங்கே போனால் கூலி. நடந்து முடிந்த பிறகு கண்டுபிடித்தால் பேசாமல் துடைப்பதைத் தவிர செய்வதற்கு ஒன்றும் இல்லை.

மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் நம் அப்பா காலத்து வைத்தியம். எங்கள் வீட்டிலும் ஒருநாள் நடந்தது. அதற்குப் பிறகு என் முன்னால் உச்சா போவதையே புடலை நிறுத்திவிட்டது, கீழே கூட்டிப் போனாலும் சரி. இந்த மனுஷன் முன்னால் போனால் அடி விழும் என்றுதான் அது புரிந்துகொண்டது. இடத்துக்கும் அடிக்கும் உள்ள தொடர்பு அதன் தலையில் ஏறவே இல்லை. அந்த ஒரு நாளைச் சரிசெய்ய எனக்கு மூன்று வாரம் பிடித்தது. "தப்பு செஞ்சது அதுக்கே தெரியுது, பாரு முழிக்கிறதை" என்பார்கள். அது உங்கள் முகத்தைப் பார்த்து முழிக்கிறது.

சுத்தம் செய்வதில் எல்லோரும் போடும் தப்பு பினாயில். நம் மூக்குக்குத்தான் வாசனை மாறும். நாயின் மூக்குக்குப் பழைய வாசனை அடியில் அப்படியே இருக்கும், திரும்ப அங்கேயே போகும். அமோனியா கலந்த கிளீனர் அதைவிட மோசம், மூத்திர வாசனைக்குக் கிட்டத்தட்ட அதுவே. செல்லப் பிராணிக் கடைகளில், மூத்திரக் கறையைச் சிதைத்து வாசனையைப் போக்கும் என்சைம் கிளீனர் என்று கேளுங்கள். முதலில் ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு கிளீனரை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, தானாகக் காயவிடுங்கள். அவசரமாகத் துடைத்தால் என்சைமுக்கு வேலை செய்ய நேரம் இருக்காது. டைல்ஸ் இணைப்புகளில்தான் வாசனை தங்கும், அங்கே கொஞ்சம் தாராளமாக. வினிகரும் தண்ணீரும் கலந்து துடைப்பது ஓரளவு உதவும். ஆனால் மொசைக், மார்பிள் தரையில் வேண்டாம். அமிலம் பளபளப்பைத் தின்றுவிடும். பழைய இடங்களைக் கண்டுபிடிக்க விளக்கை அணைத்துவிட்டு யுவி டார்ச் அடித்துப் பாருங்கள், காய்ந்த மூத்திரம் திட்டுத் திட்டாக மின்னும். நாங்கள் அடித்துப் பார்த்த ராத்திரி, சோபாவுக்குப் பின்னால் ஒரு நட்சத்திர மண்டலமே இருந்தது.

ஏழாம் படி: காலண்டர் தாள்

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தோம். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எத்தனை மணிக்குப் போனது, எங்கே போனது, அப்போது யார் பொறுப்பு. பத்து நாள் தாளைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. விபத்துகளில் பாதிக்கு மேல் மாலை ஆறு மணிக்கும் ஆறரைக்கும் நடுவில்.

அந்த நேரத்தில் நானும் மனைவியும் டிராபிக்கில் இருப்போம். மகன் கிரிக்கெட். அம்மா விளக்கேற்றிக்கொண்டிருப்பார். பார்க்க ஆள் இல்லை என்பது சரி, ஆனால் ஐந்து மணிக்குக் கீழே போய்விட்டு வந்த நாய்க்கு ஒரு மணி நேரத்தில் இவ்வளவு எங்கிருந்து வருகிறது? இரண்டு நாள் கழித்து மகன் உளவறிந்து சொன்னான். தினமும் ஐந்தேகாலுக்கு, தான் காபி குடிக்கும்போது, பாட்டி அதற்கும் ஒரு கிண்ணத்தில் பால் ஊற்றுகிறார்.

அம்மாவைக் கேட்டால், "நான் காபி குடிக்கிறேன், அது வாயைப் பாத்துட்டு உக்காந்திருக்கு. எப்படிடா மனசு வரும்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. பால் நிறைய நாய்களுக்குச் சரியாகச் செரிக்காது, கக்கா இளகிவிடும் என்று டாக்டரை விட்டே சொல்லவைத்தோம். அம்மாவுக்கு என்னைவிட டாக்டர் மேல் மரியாதை. கடைசியில் ஒரு ஒப்பந்தம்: பாலுக்குப் பதில் அதன் ராத்திரிச் சாப்பாட்டிலிருந்து எடுத்து வைத்த நாலு உருண்டை, விளக்கேற்றும் நேரத்துக்கு அது கூண்டுக்குள். அந்த வாரமே ஆறரை மணி விபத்து நின்றது.

உங்கள் வீட்டில் பாட்டி இல்லாமல் இருக்கலாம். வேலைக்கு வரும் அக்கா, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், பிஸ்கட் போடும் வாட்ச்மேன் யாராவது இருப்பார்கள். எழுதி வைத்தால்தான் தெரியும். வீட்டில் எல்லோரும் ஒரே வார்த்தை, ஒரே இடம், ஒரே விதி. ஒருவர் "உச்சா" என்று சொல்ல, இன்னொருவர் "சூசூ" என்று சொல்ல, மூன்றாமவர் "போடா போய்ட்டு வா" என்றால் அது யார் பேச்சைக் கேட்கும்?

நடுவில் வரும் தொல்லைகள்

இரவு: மூன்று மாத வயது வரை ஒரு தடவையாவது எழுந்துதான் ஆக வேண்டும். அலாரம் வைத்து நீங்களே எழுப்பித் தூக்கிப் போங்கள். அது அழுது நீங்கள் எழுந்தால், அழுதால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். விளக்கு மங்கலாக, பேச்சில்லாமல், போய்விட்டு நேரே படுக்கை. வாரத்துக்குப் பதினைந்து நிமிடமாக அலாரத்தைத் தள்ளிக்கொண்டே போகலாம்.

மழை: அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை டாஷ்ஹண்ட்காரர்களுக்குச் சோதனைக் காலம். வயிறு தரையோடு உரசும் நாய். ஈரப் புல் நேரே வயிற்றில் படும். வாசல் வரை வந்து என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். இதற்குத்தான் பால்கனிப் புல் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்பது. சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தி வையுங்கள். தேங்கிய தண்ணீரில் இறக்காதீர்கள், எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும், நமக்கும் தொற்றும்.

காலைத் தூக்கும் வயது: ஆண் குட்டி ஆறு மாதத்துக்கு மேல் நாற்காலிக் கால், திரைச்சீலை என்று சொட்டு சொட்டாக அடையாளம் போட ஆரம்பித்தால் எல்லாம் மறந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இது வேறு கணக்கு. கயிறு, கூலி, என்சைம் எல்லாவற்றையும் இரண்டு வாரம் முதலிலிருந்து. கருத்தடை செய்தால் பல நாய்களுக்குக் குறையும், எந்த வயதில் செய்யலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

விருந்தாளி வந்ததும் குனிந்து வாலைச் சுருட்டிக்கொண்டு சொட்டுவது இன்னொன்று. அது பணிவு, அல்லது தாங்க முடியாத சந்தோஷம். அதட்டினால் கூடும். வருகிறவரை முதல் ஐந்து நிமிடம் அதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரும்பாலும் வளர வளரச் சரியாகிவிடும்.

எட்டாம் படி: அறை அறையாகத் திறப்பது

ஹாலில் நான்கு வாரம் ஒரு விபத்தும் இல்லை என்றால் அடுத்த அறையைத் திறங்கள். அங்கே இரண்டு வாரம் சுத்தமாக இருந்தால் அதற்கடுத்தது. எந்த அறையில் தப்பு நடந்தாலும் ஒரு படி பின்னால். புது அறையைத் திறக்கும் முதல் சில நாள் அதன் சாப்பாட்டுத் தட்டை அந்த அறையில் வையுங்கள், விளையாட்டும் அங்கேயே. தின்னும் இடத்தில் போக நாய் தயங்கும். சின்ன நாய்கள் முழுசாக நம்பிக்கைக்கு வர ஒரு வயது வரைகூட ஆகும். புடலைக்குப் பதினோரு மாதம் ஆனது.

எங்கள் வீட்டில் கடைசியாகத் திறந்தது அம்மாவின் அறை. கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டி, அதற்குப் பின்னால் கை எட்டாத இருட்டு; ஒரு காலத்தில் அதற்கு மிகப் பிடித்த இடம். பூட்டி வைத்திருந்த அறையை ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவே திறந்துவிட்டார். புடலை கட்டிலுக்கு அடியில் போனது, ரொம்ப நேரம் மோந்தது. நான் கையில் துணியோடு நின்றேன். வெளியே வந்து நேராக வாசலுக்கு ஓடி, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தது. நாற்பது நிமிடம் முன்புதான் கீழே போய்விட்டு வந்திருந்தோம், போக வேண்டிய நேரமே இல்லை.

அம்மா அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்: "கூட்டிட்டுப் போடா. அரை டம்ளர்தான் ஊத்தினேன்."